பிறந்ததைத் தவிர வேற என்ன பண்ணீங்க? ராஜாவையும் பிரபுவையும் முதல்ல கேட்டவங்க

ஜனவரி 11, ஒரு வாசகர் கேட்டது:
அண்ணே, பிரெஞ்சுப் புரட்சின்னு பேச்செடுத்தாலே ரூசோ, வால்டேர்னு ரெண்டு பேரச் சொல்லிட்டுப் போயிடறாங்க. பிறப்பால உசந்தவன்ங்கிற நினைப்ப உடைச்சது இந்தத் தத்துவ ஆளுங்க எழுதுன புத்தகமா, இல்ல பாட்டும் நாடகமும் எழுதுனவங்களா? என்னைக் கேட்டா கவிஞனுங்க எல்லாம் முடிஞ்ச பிறகு வந்து கைத்தட்டல் வாங்கிட்டுப் போனவங்கதான். தப்புன்னா சொல்லுங்க.

ஜனவரி 11, இரவு 10.20

தப்புன்னுதான் நினைக்கிறேன். ஆனா புத்தகமா பாட்டாங்கிற கேள்வியே எனக்குச் சரியாப் படல. இவங்க வாழ்க்கைய ஒவ்வொண்ணா எடுத்துப் பாருங்க, முதல்ல ஒரு அவமானம் இருக்கும், எழுத்து அதுக்குப் பிறகுதான் வரும், அது தத்துவமா வந்துச்சா பாட்டா வந்துச்சாங்கிறது ஆளைப் பொறுத்தது.

வால்டேர எடுத்துக்குங்க. நிஜப் பேரு பிரான்சுவா மரி அரூவே, அப்பா பாரிஸ்ல நோட்டரி. 1726ல ரொஹான்ங்கிற பெரிய வம்சத்து ஆள் ஒருத்தன் "உன் பேரு அரூவேயா வால்டேரா"ன்னு நாலு பேர் முன்னாடி நக்கல் பண்றான், இவரும் பதிலுக்கு வாய் கொடுத்துட்டார். சில நாள் கழிச்சு சுல்லி பிரபு வீட்ல விருந்து சாப்பிட்டுட்டு இருக்கும்போது வெளிய யாரோ கூப்பிடறாங்கன்னு எழுந்து வர்றார், வாசல்ல ரொஹானோட ஆளுங்க தடியால விளாசறாங்க, ரொஹான் வண்டிக்குள்ள உக்காந்து பாத்துட்டு இருக்கான். இவர் உள்ள ஓடிப்போய் இவ்வளவு நேரம் கூட உக்காந்து சாப்பிட்ட சுல்லிகிட்ட உதவி கேட்டா மனுசன் அசையவே இல்ல. வால்டேர் ரொஹானைச் சும்மா விடறதில்லன்னு சண்டைக்குக் கூப்பிடக் கிளம்புனதும் பிடிச்சு பாஸ்டீல் ஜெயில்ல போட்டாங்க. அடிச்சவன் வீட்ல இருந்தான், அடிபட்டவன் உள்ள இருந்தான். நாட்ட விட்டே போயிடறேன்னு ஒத்துக்கிட்டு இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறுனார்.

அங்கிருந்து வந்து எழுதுன கடிதங்கள் 1734ல பிரான்ஸ்ல புத்தகமா வருது. அதுல வியாபாரம் பத்தி ஒரு கடிதம் இருக்கு. ராஜா எத்தனை மணிக்கு எழுந்திரிக்கிறார் எத்தனை மணிக்குப் படுக்கிறார்னு துல்லியமா தெரிஞ்சு வச்சிருக்கிற பவுடர் பூசுன பிரபு நாட்டுக்கு உபயோகமா, இல்ல தன் ரூம்ல உக்காந்தபடியே சூரத்துக்கும் கெய்ரோவுக்கும் ஆர்டர் அனுப்பற வியாபாரி உபயோகமான்னு கேக்கறார். நம்ம சூரத்தேதான். அந்தக் கேள்விக்குள்ள அந்தத் தடி அடி இருக்குன்னு எனக்குத் தோணுது. புத்தகத்த எரிக்கச் சொல்லி பாரிஸ் நீதிமன்றம் உத்தரவு போட்டுச்சு.

ஜனவரி 12, காலை 6.50

ரூசோ பத்திச் சொல்லாம தூங்கிட்டேன். இது எனக்கு வால்டேர் கதைய விட நெருக்கம், ஏன்னு கடைசியில சொல்றேன்.

ரூசோவோட அப்பா ஜெனீவால வாட்ச் செய்யறவர். பையனுக்குப் பதினாறு வயசு இருக்கும்போது டூரின்ல ஒரு பிரபு வீட்ல எடுபிடி. சாப்பாட்டு மேசையில பெரியவங்க உக்காந்திருக்காங்க, இவன் பின்னாடி தட்டு எடுக்க நிக்கிறான். சுவத்துல தொங்கற துணியில அந்தக் குடும்பத்தோட சின்னமும் அதுக்குக் கீழ பழைய பிரெஞ்சுல ஒரு வாசகமும் இருக்கு, "அடிக்கிறவன் எல்லாம் கொன்னுடறதில்ல"ங்கிற மாதிரி அர்த்தம். விருந்தாளி ஒருத்தர் அதுல ஒரு எழுத்து தப்பா இருக்குன்னு சொல்றார். வீட்டுப் பெரியவர் பதில் சொல்லப் போறவர் இந்தப் பையன் முகத்துல ஒரு சிரிப்பப் பாத்துட்டு நீ சொல்லுடாங்கிறார். பையன் சொல்றான், எழுத்து சரிதான், அதுக்கு முரட்டுத்தனம்னோ பயமுறுத்துறதுன்னோ அர்த்தமில்ல, லத்தீன்ல அடிக்கிறதுங்கிற சொல்லுல இருந்து வந்ததுன்னு. மேசையே கப்சிப். அவமதிச்சு வச்சிருந்த திறமைக்கு ஒரு நிமிசம் அதோட இடம் திரும்பக் கிடைச்ச மாதிரி இருந்துச்சுன்னு பின்னாடி தன் வாழ்க்கைக் கதையில எழுதறார். அடுத்த நிமிசமே அந்த வீட்டுப் பொண்ணு தண்ணி கேக்க, ஊத்தப் போனவன் கை நடுங்கி தட்டுலயும் அவ மேலயும் சிந்திட்டான்.

இதே ஆள்தான் 1755ல மனுசங்களுக்குள்ள ஏற்றத்தாழ்வு எங்கிருந்து வந்துச்சுன்னு அந்தப் பெரிய கட்டுரைய அச்சுல கொண்டு வந்தார். ஒரு துண்டு நிலத்துக்கு வேலி போட்டு இது என்னுதுன்னு சொல்லி, அதை நம்பறதுக்கு அப்பாவி ஆளுங்களையும் கண்டுபிடிச்சவன்தான் இந்தச் சமூகத்தையே ஆரம்பிச்சு வச்சவன்னு அதுல வரும். எல்லாரும் அந்த வரியத்தான் மேற்கோள் காட்டறாங்க. நான் அந்தத் தண்ணி சிந்துன கையத்தான் நினைச்சுக்கறேன்.

நெருக்கம்னு சொன்னேன்ல. எங்கப்பா வாட்ச் ரிப்பேர் பண்றவர், பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல மூணுக்கு நாலு அடி பெட்டிக்கடை. எனக்கு ஒன்பது வயசு இருக்கும், ஒரு பெரிய வீட்ல ஆளுயர பெண்டுல கடிகாரம் நின்னுபோச்சுன்னு கூப்பிட்டு விட்டாங்க, என்னையும் கூட்டிட்டுப் போனார். பக்கவாட்டு வழியா உள்ள விட்டாங்க. ரெண்டு மணி நேரம் மண்டி போட்டு உக்காந்து கழட்டித் துடைச்சு எண்ணெய் போட்டு ஓட விட்டார். அந்த வீட்டுக்காரர் அப்பாகிட்ட நேராப் பேசல, வேலைக்கார அம்மாகிட்ட சொல்லி அவங்க அப்பாகிட்ட சொன்னாங்க, ரெண்டு பேருக்கும் நடுவுல நாலடி கூட இல்ல. காசையும் கையில தரல, வாசப்படியில வச்சுட்டு உள்ள போயிட்டார். அப்பா குனிஞ்சு எடுத்தார். எனக்கு அந்தக் கடிகாரம் பின்னாடி டங் டங்னு மணி அடிச்சது இன்னிக்கும் காதுல இருக்கு.

ஜனவரி 12, மதியம்

வாட்ச்சுன்னு ஆரம்பிச்சதால போமார்ஷே. "பிகாரோவின் திருமணம்" நாடகம் எழுதுனவர். பிரெஞ்சு பிரபு வம்சத்து ஆள், தன் ஆளுங்களையே கேள்வி கேட்டவர்.

ஜனவரி 12, இரவு 9.05

மேல எழுதுனது தப்பு, அவசரத்துல போட்டுட்டேன். போமார்ஷே பிறப்பால பிரபு இல்ல. நிஜப் பேரு பியர் கரோன், அப்பா வாட்ச் செய்யறவர், இவரும் அதே பட்டறையில வளந்தவர். போமார்ஷேங்கிறது மொத மனைவியோட சொத்துப் பேருல இருந்து எடுத்து வச்சுக்கிட்டது.

இப்ப விவரமா. வாட்ச்சுக்குள்ள ஸ்பிரிங் முறுக்கு மொத்தமும் ஒரேயடியா அவிழ்ந்துடாம, சக்கரத்த ஒரு பல் விட்டு ஒரு பல் பிடிச்சு அனுப்பற பாகம் ஒண்ணு இருக்கு, எஸ்கேப்மென்ட்னு சொல்வாங்க, டிக் டிக்னு கேக்கறது அதுதான். வாட்ச் நேரம் தப்பாம ஓடறது மொத்தமும் அது கையிலதான் இருக்கு. 1753ல, இருபத்தோரு வயசுல, கரோன் அதுல ஒரு புது அமைப்பக் கண்டுபிடிச்சு அரண்மனைக் கடிகாரக்காரர் லெபோத் கிட்டக் காட்டுனார். லெபோத் அதைத் தன்னுதுன்னு பத்திரிகையில போட்டுக்கிட்டார். பெரிய இடத்து ஆள், பையன் பேச்ச யார் கேப்பாங்கன்னு நினைச்சிருக்கணும். பையன் அறிவியல் அகாடமிக்குப் போனான். அவங்க ரெண்டு பேர் செஞ்சதையும் வாங்கி வச்சுப் பாத்து 1754ல கரோன் பக்கம் தீர்ப்பு சொன்னாங்க. யாரோட மகன்னு கேக்காம பல்சக்கரத்தப் பாத்து முடிவு பண்ண ஒரு இடம் அந்த நாட்டுல அப்ப இருந்திருக்கு, அந்த ருசி தெரிஞ்சவன்தான் பிகாரோவ எழுத முடியும்.

நாடகத்துல பிகாரோ ஒரு வேலைக்காரன். அவன் கட்டிக்கப் போற பொண்ணு மேல அவனோட எசமான் கவுண்ட் அல்மாவிவாவுக்குக் கண்ணு, பழைய காலத்து எசமான் உரிமைங்கிற பேர்ல. கடைசி அங்கத்துல இருட்டுல தனியா நின்னு பிகாரோ பேசறான். நீங்க பெரிய பிரபுங்கிறதால பெரிய அறிவாளின்னும் நினைச்சுக்கிட்டீங்க, பரம்பரை, சொத்து, பதவி, இதுக்கெல்லாம் நீங்க என்ன பண்ணீங்க, பிறக்கறதுக்குக் கொஞ்சம் சிரமப்பட்டீங்க, அவ்வளவுதான், நான் உயிரோட இருக்கறதுக்கே செலவழிச்ச புத்தி நூறு வருசம் ஸ்பெயின ஆண்டவங்க செலவழிச்சத விட அதிகம்ங்கிறான். பாரிஸ் மேடையில, பிரபுங்க தனித்தனி பாக்ஸ்ல உக்காந்து பாக்கற சபையில.

ராஜா பதினாறாம் லூயிக்கு இதைப் படிச்சுக் காட்டுனாங்களாம், படிச்ச காம்பான் அம்மா தன் நினைவுக் குறிப்புல எழுதியிருக்காங்க, இந்தப் பேச்சு வந்ததும் ராஜா எந்திரிச்சு இதை மேடை ஏத்தணும்னா முதல்ல பாஸ்டீல இடிச்சாகணும்னு சொன்னாராம். 1784 ஏப்ரல் 27ல நாடகம் மேடை ஏறிடுச்சு, அன்னிக்குக் கூட்டம் கட்டுக்கடங்கல. 1789 ஜூலை 14ல பாஸ்டீல் விழுந்துச்சு. 1790 ஜூன்ல பரம்பரைப் பட்டத்தையே சட்டம் போட்டு ஒழிச்சாங்க.

கேட்டவருக்கு, இது நாடகக்காரன் பண்ணது. கைத்தட்டல் வாங்க வந்தவன்னு சொல்ல மாட்டீங்கன்னு நம்பறேன்.

ஜனவரி 13

ஒருத்தர் கேட்டிருந்தார், போமார்ஷேவே காசு கொடுத்துப் பிரபு பட்டம் வாங்குனவர்தானேன்னு. ஆமா, 1761ல ராஜாவோட செயலாளர்னு ஒரு பதவிய விலைக்கு வாங்குனார், அதோட பிரபு அந்தஸ்தும் வந்துச்சு. ஒரு வழக்குல எதிராளி உன் பிறப்பு என்னன்னு குத்திக் காட்டுனப்ப, என் பிரபுத்தனத்துக்கு எங்கிட்ட ரசீது இருக்கு, அதை யாரும் இல்லன்னு சொல்ல முடியாதுன்னு அச்சுலயே பதில் சொன்னார். எனக்கு இது முதல்ல உறுத்துச்சு. யோசிச்சுப் பாத்தா கவுரவம் கடையில விக்கற பொருள்னு ரசீதக் காட்டிச் சொன்னதுக்கு மேல ஒரு விமர்சனம் இருக்கான்னும் தோணுது. ஆனா வாங்கத்தான செஞ்சார். ரெண்டும் சேந்துதான் அவர்.

அதே மாதிரி வால்டேரையும் பெருசா தூக்கிப் பிடிச்சிட்டேன். அவர் பிரபுங்கள வெறுத்தார், ராஜாக்கள வெறுக்கல. பிரஷ்யா ராஜா பிரெடெரிக் கூடப் போய் இருந்தார், ரஷ்யா ராணி காதரின் கூடக் கடிதப் போக்குவரத்து வச்சிருந்தார். வயசான காலத்துல பெர்னேங்கிற ஊர்ல ஜெனீவால இருந்து தப்பி வந்த வாட்ச் தொழிலாளிங்களுக்கு வீடு கட்டிக் கொடுத்துப் பட்டறை வச்சுக் கொடுத்தார், செஞ்ச வாட்ச்ச காதரினுக்கே வித்தார். எங்க சுத்துனாலும் வாட்ச்லயே வந்து நிக்குது!

ஜனவரி 14, பொங்கல் லீவு, கொஞ்சம் நீளமா எழுதறேன்

இப்ப ராஜாங்கிற பதவியையே கேள்வி கேட்ட ரெண்டு பேருக்கு வர்றேன். ஒருத்தர் தாமஸ் பெய்ன், இன்னொருத்தர் ராபர்ட் பர்ன்ஸ். முன்னவர் உரைநடை, பின்னவர் பாட்டு. ரெண்டு பேரும் ஒரே வேலை பாத்தவங்கன்னு தெரிஞ்சப்ப எனக்கு ரொம்ப ஆச்சரியமா இருந்துச்சு: பிரிட்டிஷ் ராஜாவோட கலால் வரி ஆபீசர், வருசம் 50 பவுண்டு சம்பளம். சாராயம் காய்ச்சற இடம், மெழுகுவத்தி செய்யற இடம், தோல் பதனிடற இடம்னு போய் பீப்பாய்க்குள்ள அளவுகோல விட்டு அளந்து எழுதிக்கிட்டு வரணும். குதிரைய நாமளே வச்சுக்கணும். வாரத்துக்கு 200 மைல் குதிரையில போறேன்னு பர்ன்ஸ் கடிதத்துல எழுதறார்.

பெய்ன் 1737ல தெட்போர்டுல பிறந்தவர், அப்பா பொம்பளைங்க உள்ளாடைக்குக் கச்சை தைக்கிறவர். 1765ல வேலைய விட்டுத் தூக்குனாங்க, காரணம், சரக்க நேர்ல பாக்காமலே பாத்ததா ரிஜிஸ்டர்ல எழுதுனது. ஆபீஸ் பாஷையில அதுக்கு ஸ்டாம்பிங்னு பேரு. இந்த வார்த்தைய ஞாபகம் வச்சுக்குங்க. மறுபடி சேந்து, இந்தச் சம்பளத்துல குதிரைச் செலவு போக ஒண்ணும் மிஞ்சல, பசியில இருக்கறவன் லஞ்சம் வாங்காம எப்படி இருப்பான்னு 1772ல சக ஊழியர்களுக்காக ஒரு மனு எழுதி லண்டன்ல எம்.பி.ங்க கிட்டக் கொடுத்துட்டு அலைஞ்சார், ஒண்ணும் நடக்கல, 1774ல திரும்பவும் வேலை போச்சு. அந்த வருசக் கடைசியில பெஞ்சமின் பிராங்க்ளின் கொடுத்த சிபாரிசுக் கடிதத்தோட பிலடெல்பியா போய் இறங்கறார். 1776 ஜனவரியில "பொது அறிவு"ங்கிற சின்னப் புத்தகம். இங்கிலாந்து ராஜ வம்சத்தோட மூலபுருஷன் வில்லியம் யாருன்னு அதுல கேக்கறார்: ஆயுதம் தூக்குன கொள்ளைக் கூட்டத்தோட வந்து இறங்குன ஒரு பிரெஞ்சு முறைகேடான பிள்ளை, இதுல தெய்வீகம் எங்க இருக்குங்கிறார். பரம்பரையா ராஜா வர்றது இயற்கைக்கே பிடிக்கல, அதனாலதான் சிங்கம் கேட்டா அடிக்கடி கழுதையக் கொடுக்குதுங்கிறார். தெருவுல பேசற பாஷை.

1791, 92ல "மனித உரிமைகள்" ரெண்டு பாகம். பரம்பரை சட்டசபைக்காரன்ங்கிறது பரம்பரை கணக்கு வாத்தியார், பரம்பரை அரசவைக் கவிஞர்ங்கிற மாதிரி அபத்தம்னு அதுலதான் வருது. விலை கூடின பதிப்பா இருந்த வரைக்கும் அரசாங்கம் பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்துச்சு, ஆறு பென்ஸ் மலிவுப் பதிப்பு வந்து நெசவாளியும் செருப்பு தைக்கிறவனும் வாங்க ஆரம்பிச்சதும் ராஜத்துரோக வழக்கு போட்டுட்டாங்க. விசாரணைக்கு வர்றதுக்குள்ள பெய்ன் பிரான்ஸ் போயாச்சு.

இப்ப பர்ன்ஸ். 1759ல ஸ்காட்லாந்துல ஐர் பக்கத்துல பிறந்தவர், அப்பா குத்தகை விவசாயி. நில சொந்தக்காரரோட காரியஸ்தன் குத்தகை பாக்கிக்கு மிரட்டி மிரட்டிக் கடிதம் போடுவான், வாசிச்சதும் வீடே உக்காந்து அழுவோம்னு எழுதியிருக்கார். அப்பா நிலவழக்குலயே உடம்பு தேஞ்சு செத்துப்போனார். 1795 ஜனவரியில பர்ன்ஸ் ஒரு பாட்டு எழுதறார். ஏழையா நேர்மையா இருக்கறதுக்காக எவனாவது தலை குனியறானா, அந்தக் கோழைய விட்டுத் தள்ளுன்னு ஆரம்பிக்கும். அதுல, அந்தஸ்துங்கிறது கின்னி நாணயத்து மேல இருக்கற முத்திரைதான், மனுசன்தான் தங்கம்னு ஒரு வரி.

இந்த வரிய நான் ரொம்ப நாள் மேலோட்டமாத்தான் படிச்சிட்டு இருந்தேன். ஒரு கின்னி எப்படி இருக்கும்னு படம் எடுத்துப் பாத்த பிறகுதான் உறைச்சுது. 21 ஷில்லிங் மதிப்பு, எடை சுமார் 8.35 கிராம், 22 காரட். நம்ம ஒரு பவுன விடக் கொஞ்சம் கூட, அதே 916 தரம். ஒரு பக்கம் ராஜகுடும்பத்துக் கேடயம். மறுபக்கம் என்ன முத்திரைன்னு நினைக்கிறீங்க? ராஜா மூணாம் ஜார்ஜோட தலை! அப்ப முத்திரைதான் அந்தஸ்துன்னு பாடுனா யாரைச் சொல்றான்னு கையில காசு வச்சிருக்கற எவனுக்கும் புரியும். ராஜா பேரச் சொல்லவே வேண்டாம். அடகுக்கடைக்காரர் நகைய வாங்குனதும் முத்திரையப் பாத்துட்டு விட்டுடறதில்ல, உரைகல்லுல ஒரு கோடு இழுத்து அமிலம் விட்டுப் பாக்கறார், கோடு நின்னா தங்கம். பர்ன்ஸ் அதத்தான் சொல்றான், மனுசனைக் கல்லுல உரசிப் பாருங்கிறான். சரக்கப் பாக்காமலே ஸ்டாம்ப் அடிச்சா பெய்னுக்கு வேலை போகும், ஆளைப் பாக்காமலே பிறந்தவுடனே ஸ்டாம்ப் அடிச்சா அதுக்குப் பேரு பிரபு வம்சம்.

ஜனவரி 14, இரவு

ஒரு நண்பர் சொன்னார், முத்திரை உவமை பர்ன்ஸோட சொந்தச் சரக்கு இல்லன்னு. சரி. 1676ல விச்சர்லிங்கிறவர் நாடகத்துலயே மனுசனைத்தான் எடை போடறேன் பட்டத்தை இல்ல, ராஜா முத்திரையால உலோகம் ஒசந்துடாதுன்னு ஒரு பாத்திரம் பேசும். ஆனா அதப் பாட்டா, வயல்ல நிக்கிறவன் முணுமுணுக்கற மெட்டுல கொண்டு வந்தது பர்ன்ஸ்தான். நல்லா ரெண்டு மூணு உரைநடை எண்ணங்கள எதுகை போட்டு வச்சிருக்கேன்னு பாட்டுத் தொகுப்பு போட்டுட்டு இருந்த தாம்சனுக்கு அவரே எழுதறார். அந்த உரைநடையில பெய்னோட வாசம் அடிக்குதுன்னு படிச்சவங்க பல பேர் சொல்லியிருக்காங்க, எனக்கும் அப்படித்தான். கேள்விக்குப் பதில் இதுலயே இருக்கு, ஒருத்தன் வாதம் பண்ணான், இன்னொருத்தன் அதை வாயில வச்சான்.

ஜனவரி 16

"உங்க பர்ன்ஸ் அந்தப் பாட்டுல தன் பேரையே போடலயே, கோழையை விட்டுத் தள்ளுன்னு பாடிட்டு அவனே ஒளிஞ்சுக்கிட்டானே"ன்னு ஒரு பின்னூட்டம். இது எனக்குக் கோவம் வர வச்சுது, ரெண்டு நாள் ஆறப்போட்டுட்டு எழுதறேன்.

1792 கடைசியில பர்ன்ஸோட ராஜவிசுவாசம் பத்தி மேலதிகாரிங்களுக்குப் புகார் போய் விசாரணை வந்துச்சு. மனைவி, சின்னச் சின்னப் பிள்ளைங்க, இந்தச் சம்பளம் போனா தெருதான். மேலதிகாரி கிரகாமுக்கு அவர் எழுதுன கடிதத்தப் படிச்சா வயித்தப் பிசையும், என் பெண்டாட்டி பிள்ளைங்கள நினைச்சுப் பாருங்கன்னு கெஞ்சறார். 1793 ஆகஸ்டுல எடின்பரோவுல தாமஸ் மியூர்ங்கிற வக்கீலுக்கு தேசத்துரோகம்னு 14 வருசம் ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தல், சுமத்துன குற்றத்துல ஒண்ணு பெய்ன் புத்தகத்த மத்தவங்களுக்குப் படிக்கக் கொடுத்தது. வக்கீலுக்கே அந்தக் கதி. அந்தக் காலத்துல பேர் போடாம 1795 ஆகஸ்டுல கிளாஸ்கோ பத்திரிகையில பாட்டு வந்ததுன்னா அது ஒளிஞ்சுக்கறது இல்லங்க, அதுதான் அவனால முடிஞ்ச தைரியம். அரசாங்கச் சம்பளம் வாங்கற யாரையாவது கேட்டுப் பாருங்க, சொல்ல வேண்டியதச் சொல்ல முடியாம தொண்டையிலயே நிக்கறது எப்படி இருக்கும்னு.

அதே 1795 ஜனவரியிலதான் டம்பிரீஸ் ஊர்க்காவல் படை ஆரம்பிக்குது, பர்ன்ஸும் சேந்து ராஜாவோட சீருடை மாட்டிக்கிட்டார். 1796 ஜூலையில 37 வயசுல செத்தப்ப ராணுவ மரியாதையோட புதைச்சாங்க. உள்ள தங்கம், மேல ராஜா முத்திரை.

ஜனவரி 17

இது எழுதாம விட்டா நேர்மை இல்ல. 1786ல கடனும் காதல் பிரச்சினையுமா மாட்டிக்கிட்ட பர்ன்ஸ் ஜமைக்காவுக்குக் கிளம்பறதா இருந்தார், அடிமைங்க உழைக்கிற தோட்டத்துல கணக்குப்பிள்ளை வேலைக்கு. அந்த ஜூலை 31ல கில்மார்னக்ல அவரோட மொதக் கவிதைத் தொகுப்பு 612 பிரதி வந்துச்சு, சீக்கிரமே வித்துத் தீந்துடுச்சு, பேர் வந்துடுச்சு, பயணம் நின்னு போச்சு. தொகுப்பு விக்காம இருந்திருந்தா, உலகம் முழுக்க மனுசனுக்கு மனுசன் சகோதரனாவான்னு பாடுன இதே ஆள் அங்க உக்காந்து அடிமைக் கணக்கு எழுதிட்டு இருந்திருப்பார். எனக்கு இதை எங்க வைக்கறதுன்னே தெரியல. மன்னிச்சு விடவும் மனசில்ல, பாட்டத் தூக்கிப் போடவும் மனசில்ல.

இவங்க எல்லாருக்கும் ஏதோ ஒரு இடத்துல பார்வை நின்னுபோகுது. பிறப்பால உசத்தி இல்லன்னு சொன்னவங்களுக்குப் பொம்பளையும் கறுப்பினத்தவங்களும் கண்ணுல படல. 1773லயே அமெரிக்காவுல அடிமையா இருந்த பிலிஸ் வீட்லி லண்டன்ல கவிதைப் புத்தகம் போட்டுட்டாங்க, அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்துல எல்லா மனுசனும் சமம்னு எழுதுன ஜெபர்சன் அவங்க எழுத்தை விமர்சனம் பண்ணக்கூட லாயக்கில்லன்னு எழுதறார். பிரெஞ்சுப் புரட்சியத் திட்டி பர்க் எழுதுன புத்தகத்துக்கு மேரி உல்ஸ்டன்கிராப்ட் 1790 நவம்பர்லயே பதிலடி கொடுத்துட்டாங்க, அதே புத்தகத்துக்குப் பதிலா "மனித உரிமைகள்" எழுதுன பெய்னுக்கும் முன்னாடி, ஆனா பள்ளிக்கூடப் புத்தகத்துல பெய்ன் பேருதான் இருக்கும். பிரான்ஸ்ல ஒலிம்ப் த கூஜ், கறிக்கடைக்காரர் வீட்டுப் பொண்ணு, தூக்குமேடை ஏற பெண்ணுக்கு உரிமை இருக்குன்னா பேச்சு மேடை ஏறவும் உரிமை வேணும்னு 1791ல எழுதுனாங்க. 1793 நவம்பர்ல தலைய வெட்டிட்டாங்க.

பெய்னுக்கு ஒண்ணு சொல்லியாகணும். பிரெஞ்சுப் பேரவையில உறுப்பினரா இருந்தப்ப பதினாறாம் லூயியக் கொல்லக்கூடாதுன்னு ஓட்டு போட்டார், அமெரிக்காவுக்கு அனுப்பிடுங்கன்னார். ராஜா பதவியத்தான் ஒழிக்கணும், அந்த மனுசனை இல்ல. பிறப்பு ஒருத்தனுக்குப் பெருமை ஆகாதுன்னா குற்றமும் ஆகாதுல்ல. அதுக்கப்புறம் அவரையே பத்து மாசத்துக்கு மேல பாரிஸ்ல லக்சம்பர்க்ங்கிற ஜெயில்ல வச்சிருந்தாங்க.

ஜனவரி 18

பாரதி பத்திக் கேட்டவங்களுக்கு ரெண்டு வரி. ஷெல்லிதாசன்னு பேர் வச்சுக்கிட்டு எழுதுனவர் அவர், அந்த ஷெல்லி ஒரு பட்டக்காரக் குடும்பத்து மூத்த பிள்ளை, தனக்கே வர வேண்டிய பரம்பரைய எதிர்த்தவர். 1819ல மான்செஸ்டர்ல மக்கள் கூட்டத்து மேல குதிரைப்படைய விட்டு வெட்டுனாங்கள்ல, அந்த வருசத்துல எழுதுன கவிதையில ராஜாவக் கிழடு, பைத்தியம், குருடுன்னு ஆரம்பிக்கறார், உயிரோட இருந்த வரைக்கும் அச்சுல வரல, 1839லதான் வந்துச்சு. எல்லாரும் இந்நாட்டு மன்னர்னு பாரதி பாடுனப்ப அவருக்குப் பின்னாடி இந்த வாசிப்பும் இருந்துச்சு. அது தனி விஷயம், தனியா எழுதணும்.

ஜனவரி 25, பர்ன்ஸ் பிறந்த நாள்

1999 ஜூலை 1, கிட்டத்தட்ட 300 வருசத்துக்குப் பிறகு ஸ்காட்லாந்து பார்லிமெண்ட் திறக்கறாங்க. எலிசபெத் ராணி உக்காந்திருக்காங்க. ஷீனா வெல்லிங்டன்ங்கிற பாடகி பக்கவாத்தியம் எதுவும் இல்லாம எழுந்து நின்னு அந்த முத்திரைப் பாட்டப் பாடறாங்க, பிரபுன்னு கூப்பிடற அந்தப் பகட்டுக்காரனைப் பாருங்கிற வரியையும் விடாம. கடைசிச் சரணத்துல உறுப்பினருங்களும் சேந்து பாடறாங்க. நேத்து ராத்திரி அப்பாவுக்குப் போட்டுக் காட்டி வரி வரியா அர்த்தம் சொன்னேன். அப்பா கண்ணுல இருந்த லென்ஸக் கழட்டிட்டு, "ராணிய உக்கார வச்சுக்கிட்டேவா பாடுது அந்தப் பொண்ணு?"ன்னார். ஆமான்னேன். இன்னொரு வாட்டி போடுன்னார்.

மொதக் கேள்வி கேட்ட தம்பி எதுல ஆரம்பிக்கலாம்னு தனியாக் கேட்டிருந்தார். பெய்ன் அப்புறம் படிக்கலாம், முதல்ல பர்ன்ஸோட ரெண்டு நாய் கவிதையப் படிங்க. கில்மார்னக் தொகுப்புல மொதக் கவிதை அதுதான். பணக்கார வீட்டு நாய் சீசரும் உழவன் வீட்டு நாய் லூவாத்தும் ஒரு மத்தியானம் மேட்டுல உக்காந்து தங்களோட எசமானங்களப் பத்திப் பேசிக்குதுங்க. குத்தகை கட்ட முடியாதவனைக் காரியஸ்தன் காலைத் தட்டித் திட்டி மிரட்டறதையும் அவன் பணிவா முகத்த வச்சுக்கிட்டு நடுங்கிக்கிட்டு நிக்கறதையும் சொல்றது உழவன் வீட்டு நாய் இல்ல, சீசர், பணக்கார வீட்டுல இருந்து பாத்த நாய். சாயங்காலம் ஆனதும், நல்லவேளை நாம மனுசங்களாப் பிறக்கல நாயாப் பிறந்தோம்னு சந்தோசமா எழுந்து காத உதறிட்டுப் போகுதுங்க. லூவாத்துங்கிறது பர்ன்ஸ் வளத்த நாயோட பேரு. பர்ன்ஸோட அப்பா சாகறதுக்கு முந்தின ராத்திரி யாரோ அதைக் கொன்னுட்டாங்க. பாஷை ஸ்காட்ஸ், கஷ்டமாத்தான் இருக்கும், வாய் விட்டுப் படிச்சா பாதி புரியும்.